கொழுந்தியாளுக்காகத் திரித்த கயிறு

ஐம்பத்து மூன்று வயதில், கொழுந்தியாளைப் பழிவாங்குவதற்காகக் கம்பளி பின்னக் கற்றுத் தேர்ந்தவன் நான். எழுதும்போதே காது சூடாகிறது. பழிவாங்கும் கதைகள் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் யாரும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பத்து, பதினொண்ணு, ஐயோ பன்னிரண்டு எங்கே?" என்று தேடியதில்லை.

எல்லாம் ஒரு மப்ளரில் தொடங்கியது. மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்தபோது, விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். மனைவி இரண்டு பின்னல் ஊசியும் ஒரு கம்பளி உருண்டையும் கொடுத்து, அடிப்படையைச் சொல்லித் தந்தாள். இரண்டு மாதத்தில் மப்ளர் விளைந்தது. ஒரு முனை அகலம், மறுமுனை ஒல்லி. ஆனாலும் முதல் படைப்பு. அதை மனைவியின் தங்கைக்குக் கொடுத்தேன். வாசலூர்பட்டியில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவள். குளிரில் விடிகாலை எழுபவள்.

அடுத்த முறை போனபோது மப்ளர் அவள் கழுத்தில் இல்லை. தோட்டத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் இணைப்பில் நான்கு சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தது.

"மாமா, சூப்பரா நிக்குதுங்க. ஒரு சொட்டு ஒழுகல" என்றாள். பாராட்டாம்.

"அது கழுத்துக்குப் போட்டது கண்ணு."

"கழுத்துலயும் சுத்திப் பாத்தேனுங்க. அரிச்சுது. கொழாய்க்கு அரிக்காதில்லீங்க?"

சகலை சிரித்தார். மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். செம்மேட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் முடிவெடுத்தேன். மார்பிலும் முதுகிலும் கயிறு கயிறாக முறுக்கி ஓடும் ஒரு ஸ்வெட்டர் போடுவேன். பொங்கலுக்கு அதை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் பார்ப்பாள். எனக்கும் ஒன்று வேண்டும் என்பாள். நான் "முடியாது" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாத உழைப்பு.

வீடியோவில் ஒரு அம்மாள் விளக்கினார். ஊசியில் ஏறி நிற்கும் நூல் வளையங்கள்தான் கண்ணிகள். ஆறு கண்ணிகளில் முதல் மூன்றை ஒரு குட்டி ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட வேண்டும். அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, அதன் பிறகு தொங்கும் மூன்றைப் பின்ன வேண்டும். பின்னால் நிற்பவன் முந்திக்கொள்வதுதான் மொத்த ரகசியமும். எங்கள் பஸ் ஸ்டாண்டில் தினமும் நடப்பது. அந்தக் குட்டி ஊசிக்குப் பெயர் கேபிள் ஊசி.

செம்மேட்டில் பேன்சி ஸ்டோருக்குப் போய், "கேபிள் ஊசி இருக்குங்களா?" என்றேன்.

"பின்னு ஒடைஞ்சு போச்சுங்களா?" என்று பரிவோடு கேட்ட கடைக்காரர், பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்து, "சார் ஊட்ல டிவி தெரியலையாமா" என்று கேபிள்காரருக்குச் சொல்லியும் விட்டார். நான் வீடு சேருமுன் அவர் என் மொட்டைமாடியில் இருந்தார். ரிப்பேர் எதுவும் அகப்படாததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

மனைவி சலித்துக்கொண்டே தன் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஊரில் இருந்துகொண்டு, இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணிகள் அந்த வளைவில் சமர்த்தாக உட்கார்ந்தன. ஒவ்வொரு முறுக்கின்போதும் கொழுந்தியாள் முகத்தை நினைத்துக்கொண்டேன். முறுக்கு நன்றாக இறுகியது.

முதுகுப் பக்கம் முடிந்த சமயம், மனைவி ஊசியைத் திருப்பிக் கேட்டாள். ஏதோ கல்யாணம்.

"இன்னும் முன்பக்கம் இருக்குது" என்றேன்.

"அதுக்கு? உங்க பழி முடியற வரைக்கும் நான் தலைய விரிச்சுப் போட்டுட்டுத் திரியணுங்களா?"

ஆக, ஊசியில்லாமல் கற்க வேண்டியதாயிற்று. மூன்று கண்ணிகளை அப்படியே நழுவவிட்டு, அந்தரத்தில் நிற்கவைத்து, பக்கத்து மூன்றை முதலில் ஏற்றிக்கொண்டு, பிறகு அந்தரத்தில் நிற்பவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் ஏணிப்படி மாதிரி அடிவரை அவிழும். முதல் வாரம் அவிழ்ந்தது. இரண்டாம் வாரம் அவற்றோடு பேச ஆரம்பித்தேன். "இரு கண்ணு. ஓடாத சாமி. இதோ வந்தர்றேன்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, என்னைய ஒரு நாளாச்சும் இப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

உண்மையில் கம்பளி நூல் தானாக எங்கும் ஓடுவதில்லை. கொழுந்தியாள் குறை சொன்ன அந்தச் சொரசொரப்பே கண்ணிகளைப் பிடித்து நிறுத்துகிறது. இழுத்து ஓடவைத்தது என் ஆத்திரம்தான். அது தெரிந்த பிறகும் ஆத்திரம் குறையவில்லை. கை மட்டும் நிதானமாயிற்று.

மாட்டுப்பொங்கலன்று வாசலூர்பட்டி போனோம். பதினொரு மணி வெயிலில், வியர்வை வழிய, ஸ்வெட்டரோடு நின்றேன். கொழுந்தியாள் கிட்டே வந்து மார்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க வாங்குனீங்க மாமா? சேலமா?"

"நானே போட்டது."

"கயிறு திரிக்காதீங்க மாமா."

திரித்ததே கயிறுதான் என்று எப்படி நிரூபிப்பது? வேறு வழியில்லாமல், இடது தோளுக்குக் கீழே ஒரே ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்ததை நானே விரல் வைத்துக் காட்டிக்கொடுத்தேன். "இங்க பாரு. கடையில இப்படி ஒரு தப்ப விப்பாங்களா?"

குனிந்து பார்த்தாள். "ஆமாங்க. இது நீங்கதான்." முகத்தில் மரியாதை ஏறியது. அதை ஒரு துளி மிச்சம் வைக்காமல் பார்த்து அனுபவித்தேன். அப்புறம் அவள் சொன்னாள்: "மாமா, இதே மாதிரி ஒண்ணு பின்னிக் குடுங்களேன்."

வந்துவிட்டது. சகலை இருந்தார், மனைவி இருந்தாள், பொங்கல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். கயிறுகள் எல்லாம் தெரியும்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"முடியாது" என்றேன். "யாருக்கு வேணும்னாலும் போடுவேன். உனக்கு மட்டும் முடியவே முடியாது."

வாசலில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு நொடி அந்த ஊரே என் வசம் இருந்தது.

"அய்ய, எனக்கில்லீங்க மாமா" என்றாள். "நம்ம நாய் குளுர்ல நடுங்குது, பாவம். அதுக்குத்தான் கேட்டேன்."