உயரம் குறைந்த தொட்டி

அலுவலகத்தில் ஆறு வருடம் என் பக்கத்து மேஜையில் இருந்த அக்காவுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. கட்டில், பீரோ எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார். அவர் வளர்த்துவந்த இரண்டு தவளைகளை மட்டும் ஏற்ற மனம் வரவில்லை. துணி அடுக்கி வைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் பாதித் தண்ணீர் விட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆனையூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அவை வயல் தவளைகள் அல்ல. வளர்ப்பதற்கென்றே கடைகளில் விற்கிற ஆப்பிரிக்க இனம். கட்டைவிரல் அளவுக்கு மேல் வளராது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். மூச்சுவிட மட்டும் மேலே வந்துபோகும். ஒன்று கொஞ்சம் பெரியது, மற்றது சிறியது.

"ஒரு வருசம்தான். எப்பிடியாச்சும் மதுரைக்கே மாத்தல் வாங்கிட்டு வந்துருவேன்," என்றார் அக்கா. "கொழாத் தண்ணிய அப்பிடியே ஊத்திராத. ஒரு நாள் பக்கெட்ல புடிச்சு வச்சு ஊத்து."

எனக்குத் தவளை மேல் பிரியமும் இல்லை, அருவருப்பும் இல்லை. அவர் கேட்டார், சரி என்றேன். அந்த டப்பாதான் கண்ணை உறுத்தியது. ஒரு பக்கம் வெளுத்து, மூடியில் ஆணியைச் சுட்டுத் துளை போட்டிருந்தது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தவள இருக்குற எடத்துக்குப் பாம்பு வரும்பாக, பாத்துக்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். திருமங்கலத்தில் ஆசிரியராக இருக்கும் என் கணவர், "மாடி ஏறி வந்து பெல் அடிச்சாத் தொறக்காத," என்றார்.

அடுத்த சனிக்கிழமை கீழவாசல் பக்கம் இருந்த வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். தவளைக்குத் தொட்டி வேண்டும் என்றதும் கடைக்காரர் சுவரோரம் நின்ற ஒன்றைக் காட்டினார். அகலம் குறைவு, இரண்டடி உயரம். உள்ளே நீல விளக்கு, வேகமாகத் தண்ணீரைச் சுழற்றும் ஃபில்டர்.

"ஒசரமா இருந்தாத்தான் மேடம் ஹால்ல எடுப்பா இருக்கும். தண்ணியும் தெளிவா நிக்கும்."

"தவளைக்கு ஒத்துக்குமா?"

"தண்ணிக்குள்ள இருக்குறதுதான மேடம். அதுக்கு என்ன?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாங்கி வந்து, விளிம்புவரை நீர் நிரப்பி, இரண்டையும் விட்டேன். பிளாஸ்டிக் டப்பாவில் வெங்காயம் கொட்டி வைத்தேன்.

ஹாலுக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. பெரியது கண்ணாடியைத் தொட்டபடியே மேலே ஏறும். சிறியது பாதித் தூரம் ஏறும், ஃபில்டர் தள்ளும் தண்ணீரில் ஒருபக்கமாகச் சாயும், கீழே இறங்கும், மறுபடி ஏறும். விளையாடுகிறது என்று நினைத்தேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். இரண்டாவது வாரம் ஒரு மாலை வேலை விட்டு வந்தபோது அது அடியில் மல்லாந்து கிடந்தது.

மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடி இருந்த தொட்டி மண்ணைக் கிளறிப் புதைத்தேன். பிறகு வெங்காயத்தைத் தரையில் கொட்டி, டப்பாவைக் கழுவி, பாதித் தண்ணீர் விட்டு, ஒளிய ஒரு கல்லும் வைத்து, பெரியதை மறுபடி அதற்குள் விட்டேன். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். டப்பாவின் அடியில் நின்று ஒரே ஓர் உதை. மூக்கு மேலே வந்துவிட்டது. மூச்சை எடுத்துக்கொண்டு இறங்கி அசையாமல் உட்கார்ந்துகொண்டது. உயரமான தொட்டியில் ஒவ்வொரு மூச்சுக்கும் சிறியது எவ்வளவு நீந்த வேண்டியிருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் கூப்பிட்டார். ஃபோனை டப்பா பக்கம் திருப்பினேன்.

"சின்னது எங்க?"

"கல்லுக்குப் பின்னாடி இருக்குக்கா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேட்டதும் வாயில் வந்தது. அடுத்த வாரமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. "சொல்லிரு. செத்தது தவளதான, ஆளா?" என்றார் கணவர். சொல்லவில்லை.

சொல்லாததற்குப் பதிலாகவோ என்னவோ, தொட்டி விஷயத்தில் இறங்கிவிட்டேன். எங்கள் தெருமுனையில் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துத் தரும் கடை இருக்கிறது. அங்கே அளவு எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன்: நீளம் இரண்டடி, அகலம் ஒன்றேகாலடி.

"ஒசரம் எம்புட்டுக்கா?"

"பத்து இஞ்சு போதும்ணே. தண்ணி எட்டு இஞ்சுதான் நிக்கும்."

"இது தொட்டி இல்லக்கா, தாம்பாளம்," என்று சிரித்தார். ஆனாலும் விளிம்பெல்லாம் தேய்த்து ஒழுங்காகவே ஒட்டிக் கொடுத்தார். ஒட்டின பசையின் புளிப்பு வாடை போக ஐந்து நாள் காயவிட்டேன். தாவி வெளியே விழாமல் இருக்கக் கொசுவலையில் மூடி செய்தேன். அடியில் பொடிக் கல் போடவில்லை, விழுங்கிவிடும் என்று படித்திருந்தேன். உள்ளங்கை அளவில் இரண்டு கூழாங்கல், கவிழ்த்த மண்சட்டி ஒன்று. மெதுவாகக் குமிழி விடும் சின்ன ஸ்பாஞ்சு ஃபில்டர். மேற்கு ஜன்னல் பக்கம் வைத்தால் வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும் என்று உள்சுவர் ஓரமாக வைத்தேன். தவளை அதில் நன்றாகத்தான் இருந்தது. சட்டிக்குள் தூங்கும். தீனி போட்டால் இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளும்.

நான்கு மாதம் கழித்து அக்கா விடுப்பில் மதுரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டியிடம் போய்க் குனிந்தார். சட்டியைத் தூக்கிப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததும், "சின்னது செத்துப்போச்சுக்கா," என்றேன்.

"எப்ப?"

"நீங்க போன மாசமே. நான் வாங்குன தொட்டி சரியில்ல. ரொம்ப ஒசரம்."

சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். பிறகு, "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல. வாரா வாரம் கல்லப் பாத்து டாட்டா காட்டிக்கிட்டு இருந்துருக்கேன்," என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அவருக்குக் கலங்கியதா என்று தெரியவில்லை, குனிந்தே இருந்தார். காப்பியைப் பாதி குடித்துவிட்டு, "வாரேன்," என்று கிளம்பினார். இரண்டு ஞாயிறு கூப்பிடவில்லை.

மூன்றாவது ஞாயிறு கூப்பிட்டார். மதுரைக்கு மாற்றல் இப்போதைக்கு இல்லையாம். "அது அங்கனயே இருக்கட்டும். தனியா விடாத, ரெண்டு வாங்கிச் சேத்துவிடு," என்றார். அவர் சொன்னபடியே இரண்டை வாங்கி, நோய் ஏதும் இருக்கிறதா என்று ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டேன்.

போன மாதம் தொட்டியின் அளவைக் கேட்டார். ஓசூரில் குடியிருக்கும் வீட்டில் ஒன்று வைக்கப் போகிறாராம். டேப்பை வைத்து அளந்து, கண்ணாடியின் தடிமன் உட்பட எழுதி அனுப்பினேன். அங்கே குளிர் அதிகம், தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வேண்டியிருக்கும், எது நல்லது என்று கேட்டார். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.