ஏற்பியும் கூட வந்தவர் நாற்காலியும்

மாதந்தோறும் உங்கள் எதிரே வந்து உட்காரும் ஒருவரை நீங்கள் ஒருமுறையாவது சரியாகப் பார்த்திருக்கிறீர்களா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைப் பற்றிக் கண்ணெதிரே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பதே என் தொழில். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் நான் ஆலோசகர். டாக்டரம்மா மருந்து எழுதுவார். அந்த மருந்து எதற்கு, சோற்றை ஏன் குறைக்க வேண்டும், எதற்காக நடக்க வேண்டும் என்று விளக்கி அனுப்புவது என் வேலை. என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் கிடக்கும். மெத்தை வைத்தது நோயாளிக்கு. பிளாஸ்டிக் நாற்காலி கூட வந்தவருக்கு. பக்கத்துச் சுவரில் ஒரு படம்.

படத்தில் இருப்பது ஒரு புரதம். அடிப்போனெக்டின் ஏற்பி என்று பெயர். நம் உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு அன்று. அது அடிப்போனெக்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து இரத்தத்தில் அனுப்புகிறது. கல்லீரல், தசை ஆகியவற்றின் செல்களில், சுவரோடு சுவராகப் பதிந்து நிற்கும் ஏற்பி அந்தச் செய்தியை வாங்கி, "கொழுப்பை எரி, சர்க்கரையை எடுத்துக்கொள்" என்று உள்ளே சொல்கிறது. விந்தை என்னவென்றால், உடம்பில் கொழுப்பு பெருகப் பெருக இந்த ஹார்மோன் குறைந்துபோகிறது. இதை நான் ஒரு கதையாகச் சொல்வேன். கிடங்கு காலியாக இருந்தவரை வாய் ஓயாமல் வேலை வாங்கிய முதலாளி, கிடங்கு நிரம்பியதும் பேச்சை நிறுத்திவிட்டார். வாசலில் காது கொடுத்து நின்ற காவலாளியும் நாளடைவில் கேட்கும் பழக்கத்தையே விட்டுவிட்டான். அந்தக் காவலாளிதான் ஏற்பி. அவனை எழுப்பத்தான் நடை, அவனை எழுப்பத்தான் உணவுக் கட்டுப்பாடு.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதே மிச்சம். பள்ளி ஆசிரியர்களே, பேருந்து நடத்துநர்களே, பிள்ளை பெற்றவர்களே, ஒரே பாடத்தை ஓயாமல் ஒப்பித்துக் களைத்துப்போன எல்லோருமே, என் நிலை உங்களுக்குப் புரியும்.

உதிரிபாகம்

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் வந்தார். ரிக் வண்டி வைத்துப் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டவர். என் தொழிலில் அவரைப் போல் காது கொடுத்துக் கேட்டவர் எவருமில்லை. ஏற்பி செல்லின் சுவரை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது என்றேன்; எழுந்து போய்ப் படத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். இவ்வகை ஏற்பிகளில் பலவும் தம் தொடக்க முனையை வெளியே நீட்டியிருக்க, இது மட்டும் தலைகீழாக அந்த முனையை உள்ளே வைத்திருக்கிறது என்றேன், "மாட்டறப்பவே திருப்பி மாட்டிப்போட்டானுகளா?" என்று கவலைப்பட்டார்.

அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒருவராவது புரிந்துகொண்டார், இனி நடப்பார், சோற்றைக் குறைப்பார் என்று நம்பினேன். தேய்ந்ததைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டியே பழகிய கைகள், உடம்பையும் அப்படியே எண்ணும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாம் வெளங்குச்சுங்க. இந்த ஏற்பி புதுசு சேலத்துல எந்தக் கடையில கெடைக்கும்னு மட்டும் எழுதிக் குடுங்க, நானே போயி வாங்கியாறேன்."

பாட்டில் வைத்தியம்

இனி நான் சொல்லப்போவதெல்லாம் ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. கணவர் பழனிசாமி முட்டைக்கோழிப் பண்ணை நடத்துபவர், கனத்த உடம்பு. நான்கு ஆண்டுகளாக என்னிடம் வருகிறார். மனைவி சரசுவதி ஒரு மாதமும் தவறாமல் அவரோடு வந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்.

முதல் ஆண்டில் ஒருமுறை பழனிசாமிக்குச் சர்க்கரை துளியும் குறையவில்லை. மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன். அன்றைய மாத்திரைகளைக் காலையிலேயே நசுக்கிப் பெரிய பாட்டில் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் குடிப்பதாகச் சொன்னார். "கோழிக்கு நாங்க தண்ணியிலதானுங்க மருந்து உடறோம். தாகத்துக்குத் தக்கன கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். ஒரேதா வயித்தத் தாக்காது" என்றார். "அப்படியானால் ஏன் குறையவில்லை?" என்றேன். "எங்கீங்க குறையும்? பாதிப் பாட்டல இவ குடிச்சுப்போடறா. எந்நேரமும் தாகம் தாகம்னு, கையில ஆப்புட்டதையெல்லாம் காலி பண்ணிப்போடறாளுங்க."

ஒருவர் மருந்தை மற்றவர் தொடுவது எத்தகைய தீங்கு என்று இருவருக்கும் கால் மணி நேரம் அறிவுரை சொன்னேன். அது அழகான அறிவுரை. ஒரு பெண்ணுக்கு எந்நேரமும் ஏன் தாகம் எடுக்கிறது என்ற கேள்வி மட்டும் அதில் எங்கும் இல்லை. சரசுவதி வெட்கத்தோடு சிரித்தார்: "தண்ணின்னு நெனச்சுத்தான் சாமி குடிச்சேன். கசந்துச்சு. பாட்டலக் கழுவலையாட்டன்னு உட்டுப்போட்டேன்."

ஒரு கொட்டகை, இரண்டு தீவனம்

கேழ்வரகுக் களியும் காயும் பழனிசாமிக்கு, வெள்ளைச் சோறு வீட்டுக்கு என்று நான் எழுதிக் கொடுத்ததை அவர் ஏற்கவில்லை. "ஏனுங்க, கொட்டகையில நாலு கோழி சொணங்குனா நாலுக்கு மட்டுமா தீவனத்த மாத்தறோம்? மொத்தக் கொட்டகைக்கும் மாத்திப்போடுவம்ங்க. என்னைய மட்டும் ஒதுக்கி வெச்சு ஏனுங்க களியக் கிண்டிப் போடச் சொல்றீங்க?"

மனிதன் மந்தை அல்ல, அவரவர் ஏற்பி அவரவருக்கு என்று நான் பதில் சொன்னேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிற்று; அதன்பின் பலரிடமும் சொன்னேன். வீட்டிலோ இரண்டு அடுப்பு எரிந்தது. அவருக்குக் களி; பழைய அளவிலேயே வடித்த சோறு மீந்துபோக, அது வீணாகக் கூடாதென்று சரசுவதிக்கு. அப்படியும் அந்த அம்மா இளைத்துக்கொண்டே வந்தார். நான் அவரைக் கைகாட்டிப் பழனிசாமிக்குப் பாடம் நடத்தினேன்: "பாருங்கள், உங்கள் மனைவி உடம்பை எவ்வளவு கட்டாக வைத்திருக்கிறார்! இவர் உடம்பில் முதலாளி வாய் ஓயாமல் பேசுகிறார், காவலாளி விழித்திருக்கிறான்." அதைக் கேட்டுச் சரசுவதிக்கு முகம் மலர்ந்தது. "ஆமாங்க சாமி, சாக்கெட்டெல்லாம் ரெண்டு தடவ புடிச்சுத் தெச்சுப்போட்டேன், இன்னும் தொளதொளங்குது."

கீறல் முட்டை

பண்ணையில் முட்டைகளை அட்டையில் அடுக்கும்போது கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுப்பது சரசுவதியின் வேலை. முடி போன்ற கீறலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று பழனிசாமியே பெருமையாகச் சொன்னதுண்டு. மூன்றாம் ஆண்டில் அந்தப் பெருமை குறையாக மாறியது. "வேவாரி என் மூஞ்சிக்கு நேரா அட்டையத் தூக்கிக் காட்டறானுங்க, அத்தனையும் கீறல். இவளுக்கு நெனப்பு வேலையிலயே இல்லீங்க. டிவிப் பொட்டியில இருக்குது."

எனக்கோ உவமை கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. கீறல் சிறிதாக இருக்கும்போதே கண்டுகொள்பவரே பண்ணையைக் காப்பார், உடம்பும் அப்படியே என்று தொடங்கி, பழனிசாமியின் கால் ஆணி வரைக்கும் கொண்டுபோய் முடித்தேன். அதன்பின் ஓராண்டுக் காலம், வந்தவர்க்கெல்லாம் அந்தக் கீறல் முட்டையைக் காட்டி நல்வழி சொன்னேன். கீறலைக் காணத் தவறிய கண்ணை மட்டும் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்று சரசுவதிதான் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் சொன்னார்: "தீவனத் தூசி சாமி. கண்ணுல படிஞ்சு போச்சு. நல்லாக் கழுவுனாச் செரியாப் போயிரும்."

படத்தில் என்ன தெரிகிறது?

நான்காம் ஆண்டில் சுவருக்குப் புதிய படம் வந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. ஏற்பியை விரல் தடிமனுள்ள சிவப்புக் கோடாக வரைந்திருந்தார்கள். அன்று முற்பகலில் மட்டும் காவலாளி கதையை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பழனிசாமி வழக்கம்போல் கொட்டாவி விட்டார். சலிப்பு மிகுந்து, கூட வந்தவர் பக்கம் திரும்பினேன். நான்கு ஆண்டுகளில் அந்த நாற்காலியைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி அது. "அம்மா, நீங்களாவது சொல்லுங்கள். அந்தச் சிவப்புக் கோடு சுவரை எத்தனை முறை கடக்கிறது?"

சரசுவதி முன்னால் குனிந்தார். எழுந்தார். சுவரருகே போய் முகத்தை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்துப் படத்தின்மேல் வைத்துத் தடவினார். "கோடுங்களா? எங்க சாமி? செவுத்துல பொகை அடிச்சாட்டத்தான இருக்குது."

பழனிசாமி சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மனைவியின் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என்னிடம் அவர் அதுவரை அப்படி மெதுவாகப் பேசியதே இல்லை. "ஏனுங்க சார், கோழி டாக்டர் பண்ணைக்கு வந்தா, சொணங்குன கோழிய மட்டும் பார்த்துப்போட்டுப் போறதில்லீங்க. நல்லா நிக்கிற கோழியிலயும் நாலப் புடிச்சு ரத்தம் எடுப்பாருங்க. நாலு வருசமா இவளும் இங்கதான உக்காந்திருந்தா?"

முதலாளி பேசாத வீடு

அப்போதே சரசுவதியின் விரலில் குத்திப் பார்த்தோம். கணவருக்கு அன்று வந்த சர்க்கரை அளவைப்போல் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. தாகம், இளைப்பு, புகைமூட்டம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. அத்தனையையும் அவர்கள் என் காதில் போட்டிருந்தார்கள். நான் டாக்டரம்மாவிடம் போய்த் தலைகுனிந்து நின்றேன். இளைத்த உடம்பில் ஏற்பி கெட்டிருக்காது என்று என் கதையை நானே நம்பிவிட்டதைச் சொன்னேன். இளைத்தவர்க்கும் கல்லீரலில் கொழுப்பு மறைந்திருக்கலாம், இன்சுலின் சுரப்பே வற்றிவரலாம், இளைப்பே நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அது நான் அறியாத பாடமன்று. கதை அதை மறைத்துவிட்டது. கடைசியில் அவர் கடிந்துகொள்ளாமல் சொன்னார்: "உங்க கதை நல்ல கதைதான் சார். ஆனா எல்லாரும் அந்தக் கதைக்குள்ள அடங்க மாட்டாங்க. முதல்ல ஆளைப் பாருங்க, அப்புறம் கதை சொல்லுங்க."

ஒரு நாற்காலி தள்ளி

சேலத்துக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரு கண்களின் விழித்திரையிலும் இரத்தக் கசிவு. வலக்கண்ணை ஊசியாலும் லேசராலும் ஓரளவு காத்துவிட்டார்கள். இடக்கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, முகம் தெரியாது. இன்னும் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று அங்கே கேட்டார்களாம். எங்கே முன்பே வருவது? அவர்கள் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் ஒரே அடுப்பு எரிகிறது. பழனிசாமி சொன்னபடியே மொத்தக் கொட்டகைக்கும் தீவனம் மாறிவிட்டது. இருவருக்கும் ஒரே களி, ஒரே காய், காலையில் இருவரும் சேர்ந்து நடை. பழனிசாமியின் சர்க்கரை, என் நான்கு ஆண்டுப் பேச்சுக்கு இறங்காதது, சில மாதங்களில் இறங்கியது. கீறல் முட்டையை இப்போது அவரே பொறுக்குகிறார். பாதியைத் தவறவிடுகிறார், வியாபாரி திட்டுகிறார், அவர் வாய் திறப்பதில்லை.

போன மாதம் இருவரும் வந்தார்கள். பழக்கத்தில் சரசுவதி கையால் துழாவிப் பிளாஸ்டிக் நாற்காலிக்கே போனார். நான் எழுந்து கையைப் பிடித்து மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அவர் இரு நாற்காலிகளுக்கும் இடையிலிருந்த இடைவெளியைக் கையால் தொட்டுப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "ஒரு சாண்கூட இல்லீங்களே சாமி. அன்னைக்கே ஒரு நாற்காலி தள்ளி உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா ஆயிருக்குமில்லீங்க?"

செய்தி வந்தும் ஏற்பி கேட்கவில்லை என்று ஊராரின் உடம்பையெல்லாம் நான்கு ஆண்டு குறைகூறியவன், தன் காதை ஒருமுறையும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே இத்தொழிலில் நான் கண்டறிந்த ஒரே உண்மை. ஆகவே என்னைப் போல் களைத்தவர்களே, கைகூப்பிக் கேட்கிறேன்: உங்களுக்கு மருந்துச் சீட்டு மடித்து வைப்பவர், உங்களுக்காகத் தனி அடுப்பு மூட்டுபவர், உங்களோடு கூட வந்து ஓரமாக உட்காருபவர் யாரென்று சற்றுத் திரும்பிப் பாருங்கள், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடாமல், இன்றே, இந்தத் தாளைக் கீழே வைத்ததும், அவரை அழைத்துப் போய் ஒரு நாற்காலி தள்ளி உட்கார வையுங்கள்.