வேகமான டிஸ்க்கில் மிஞ்சியது

நோர்வூட்டில் நாங்கள் இருந்த குவாட்டர்ஸில் கணினியை முடுக்கிவிட்டுத்தான் மனைவி அடுப்பில் கேத்தலை வைப்பாள். தேநீர் குடித்து முடிக்கும்போதுதான் திரை முழுதாக வரும். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியை. நான் இந்த மலையகத்திலேயே பிறந்த பத்திரிகை நிருபர்.

அவளுடைய ஒரே தம்பி கிளிநொச்சியில் வேலை செய்தான். போர்நிறுத்தத்தில் வடக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் நாங்கள் போனபோது, என் அலுவலகக் கமராவில் அவனைப் படமெடுத்தேன். அந்தப் படங்கள் கணினியில் மட்டுமே இருந்தன. ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போடலாம் என்றேன். உயிரோடு இருப்பவனைச் சுவரில் மாட்டுவதா என்று அவள் மறுத்துவிட்டாள்.

பிறகு பாதை மூடப்பட்டது. சண்டை முடிந்தபோது எந்த முகாமிலும் அவன் இருப்பதாகத் தகவல் வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் படங்களைத் திறப்பாள். ஒவ்வொன்றும் வருவதற்குள் பெட்டிக்குள் டிஸ்க் அரைபடும். அந்தக் காத்திருப்பையாவது குறைக்கலாம் என்று, கட்டாரிலிருந்து வந்த நண்பர் மூலம் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சிறிய டிஸ்க் ஒன்று தருவித்தேன்.

ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தவர் வீட்டுக்கே வந்து அதைக் கணினிக்குள் பழைய டிஸ்க்கோடு சேர்த்துப் பூட்டினார். இயங்குதளத்தையும் ஸ்வொப்பையும் புதியதில் போட்டார். ஸ்வொப் என்றால் என்னவென்று கேட்டேன்.

"ராம் பத்தலைனா டிஸ்க்குல எடம் கேக்கும் சார். லயத்து வீட்டுல ஆளு கூடிட்டா வெளித்திண்ணை இஸ்தோப்புல பாய் போடுறோம்ல, அதுதான். பழைய டிஸ்க்குல அது ஊரும், இதுல ஓடும்."

எழுதி எழுதி இந்த டிஸ்க் தேய்ந்துபோகும், போகும்போது சத்தமே இல்லாமல் போய்விடும் என்றும் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, "உசிரான எதையும் இதுல வைக்காதீங்க டீச்சர்" என்றார். படங்கள் பழைய டிஸ்க்கிலேயே இருந்தன. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்த ஆலோசனையில் பிழையில்லை.

எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரே மெயின் சுவிட்ச். அது கடைசி வீட்டில் இருந்தது. இடி உறுமத் தொடங்கினால் அந்த வீட்டம்மா அதை இறக்கிவிடுவார். முன்பு மின்னல் விழுந்து இரண்டு வீட்டுத் தொலைக்காட்சிகள் எரிந்திருந்தன, ஆகவே யாரும் குறை சொல்வதில்லை. மழைக்கால மாலையொன்றில் மனைவி படங்களைத் திறந்து வைத்திருந்தபோது வீடு இருண்டது. "டீச்சர், மெயின எறக்கிட்டேன்" என்ற குரல் அதன் பிறகுதான் வந்தது.

மின்சாரம் திரும்பியதும் கணினி வழக்கம்போல நொடிகளில் திறந்துகொண்டது. பழைய டிஸ்க் மட்டும் அதில் காட்டவில்லை. பெட்டிக்குள் டிக், டிக் என்று கேட்டது. பல தடவை திடீரென நின்றதில் உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழுந்திருக்கலாம் என்றார் கடைக்காரர். கொழும்புக்கு அனுப்பினோம். ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம், காணாமற்போனவர்களைப் படத்துடன் பதியலாம் என்று அரசாங்கத்திலிருந்து அறிவித்தார்கள். கடைக்காரருக்கு ஒன்று நினைவு வந்தது. படங்களை வரிசையாகக் காட்டுவதற்கென்று இயங்குதளம் சின்னச் சின்னப் பிரதிகளைத் தான் இருக்கும் டிஸ்க்கிலேயே சேர்த்து வைத்திருக்கும். எதையும் வைக்க வேண்டாம் என்று அவர் சொன்ன டிஸ்க்கில் தேடினார். கிடைத்தது. தபால் முத்திரை அளவில், வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி தம்பி நின்றான்.

பெரிதாக்கி அச்சிட்டுத் தந்தார். முகம் சதுரங்களாக உடைந்திருந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டங்கள்.

"சட்டை கலர் தெளிவா இருக்கு டீச்சர்."

மனைவி நெடுநேரம் பார்த்தாள். "இது ஆராகவும் இருக்கலாம்" என்றாள்.

மறுநாள் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு அதையே கொண்டுபோனோம். வேறு படம் இல்லையா என்று குமாஸ்தா சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன்.

"கொஞ்சம் தள்ளிப் பிடிச்சால் முகம் தெரியும் எண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி. சொன்னேன். அவர் மரியாதையாகக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நீட்டினார். தெரியவில்லை என்று தலையசைத்துவிட்டு, படத்தைக் கோப்பில் வைத்தார்.