காரைக்காலில் குளிர் மெஷினுக்கு இடம் தேடிய கதை

கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் குளிர் மெஷின் மாட்டுவது என் பிழைப்பு. 1956 மாசியில் நான் காரைக்காலுக்குப் போனது அதற்காகத்தான், சனீஸ்வரனைக் கும்பிட அல்ல. (கும்பிட்டேன், அது கடைசி நாள்.) சைகோனில் இருபது வருஷம் வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மரைக்காயர், புதிதாக ஜவுளிக்கடை கட்டியிருந்தார். அங்கே பார்த்த குளிர்ச்சி இங்கேயும் வேண்டுமென்று எங்கள் சென்னைக் கம்பெனிக்கு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மூன்று மணிக்குத் திறப்பு விழா. அதற்குள் மெஷின் ஓட வேண்டும்.

இதில் என் தலையும் மாட்டியிருந்தது. முந்தின மாதம் சென்னையில் ஒரு ஹோட்டலில், எங்கள் கம்பெனி மானேஜர் கொடுத்த வரைபடத்தை மீறி, என் சொந்த புத்தியில் மெஷினை அடுக்களைக்கு மேலே வைத்தேன். அது எண்ணெய்ப் புகையை இழுத்து இழுத்து உள்ளே விட, சாப்பிட வந்தவர்களின் சட்டையெல்லாம் வடை வாசனை. இனி வரைபடத்தை ஓர் அங்குலம் மீறினாலும் வேலை போய்விடும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். காரைக்கால் வரைபடத்தில், மெஷின் இடம் மொட்டை மாடியின் பின்பக்கம் என்று சிவப்பு மையில் போட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு அங்கேயே வைப்பது என்று முடிவுகட்டித்தான் கிளம்பினேன்.

ஞாயிறு இரவு எழும்பூரில் ஏறினால் விடியற்காலை நாலரைக்கு மாயவரம். அங்கே மாறிப் பேரளம், பேரளத்தில் இன்னொரு தடவை மாறினால் காரைக்கால் வண்டி. அந்தப் பதினைந்து மைலுக்கு அது ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இறங்கி நடந்தால் முந்திவிடலாம் போல இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் வயல், கண்ணுக்குக் குறைவில்லை. மூன்றாம் வகுப்பு, எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய் நாலணா. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும் பிரெஞ்சுக்காரன் காலத்துச் சுங்கத் தொல்லை இப்போது இல்லை. ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்குக் குதிரை வண்டி ஆறணா. எட்டணா கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

மரைக்காயர் வாசலிலேயே நின்று வரவேற்றார். அன்று முழுக்க ஆப்பம், கறி, வட்டிலாப்பம் என்று வந்துகொண்டே இருந்தது. மெஷின் லாரியில் வந்து இறங்கியிருந்தது. மூன்று ஆள் எடை இருக்கும். வரைபடத்தை விரித்து மாடியைக் காட்டினேன். வரைபடத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு, "செய்யலாம் தம்பி, அவசரமில்லை" என்றார். நானும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, அடிக்கோலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் மாடியில்தான் கிடந்தேன். அளந்தேன், சுண்ணாம்பால் கோடு போட்டேன், காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஆனால் மெஷினைத் தாங்க மேடை கட்ட வேண்டிய கொத்தனார் சாமிநாதன் இருக்கிறாரே, அந்த மனிதர் ஒரு செங்கல் வைக்கவில்லை. முதல் நாள் செங்கல் வரவில்லை. செங்கல் வந்ததும் மணல் போதவில்லை. புதன்கிழமை எல்லாம் வந்த பிறகு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மரைக்காயரிடம் போய்ப் புலம்பினால், ஆளைக் கூப்பிட்டுக் கண்டிப்பதை விட்டு எனக்கு டீ வரவழைக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றுவதாகத் தோன்றியது. உண்மையில் ஏமாற்றத்தான் செய்தார்கள், காரணத்தோடு.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கடைக்குப் பின்னால் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். தேங்காய் பறிக்க ஓர் ஆள் வந்தார். தென்னையைக் கட்டிப்பிடித்தவர் உடனே ஏறவில்லை. "மரத்துல ஆளு ஏறுது! மரத்துல ஆளு ஏறுது!" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். வரிசையாகக் கொல்லைக் கதவுகள் சாத்தப்படும் சத்தம். பெண்களின் பேச்சு உள்ளே போய் அடங்கியது. அதன் பிறகுதான் ஏறினார்.

எனக்கு வாயில் பல்பொடி, மனத்தில் இடி. அந்தத் தென்னையும் எங்கள் மாடியும் ஒரே உயரம். மாடியின் பின்பக்கம் நின்றால் ஆறு வீட்டு முற்றம் தெரியும். மூன்று நாளாக ஒரு குரல் கொடுக்காமல் நான் அங்கே கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! நான் எப்போது மேலே இருப்பேன் என்று தெரியாமல் ஒருத்தரும் முற்றத்துக்கே வந்திருக்க முடியாது. போதாததற்கு மெஷினை அங்கே வைத்தால், துடைக்க வாராவாரம் ஓர் ஆள் ஏற வேண்டும். அப்போதே உயிர் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேராக மரைக்காயரிடம் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். கோபமே இல்லை அவருக்கு.

"பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களப் பத்தி வெளியூர்லேர்ந்து வந்த ஆளுகிட்ட எப்படிப் பேசுறது தம்பி? நீங்களே இறங்கி வந்துருவீங்கன்னுதான் சாமிநாதனை மெதுவா வேலை செய்யச் சொன்னேன்" என்றார்.

சாமிநாதன் நிமிர்ந்து நின்று சிரித்தார். இடுப்பு நன்றாகத்தான் இருந்தது.

சரி, வேறு எங்கே? கிழக்குச் சுவர் என்றால் ஒரு மைலில் கடல், உப்புக் காற்று இரண்டே வருஷத்தில் தகடுகளைத் தின்றுவிடும். பின் சந்து குறுகல், வெளியே போன சூடு திரும்பி உள்ளேயே வரும், பெண்கள் வீட்டுக்கு வீடு போகிற வழியும் அதுதான். மிச்சம் தெருவைப் பார்த்த மேற்கு முகப்பு. வாசலுக்கு மேலே கம்பி போட்ட கான்கிரீட் சாய்ப்பு இருந்தது. அதையொட்டிச் சுவரில் வண்ணக் கண்ணாடி ஜன்னல். கண்ணாடியைக் கழற்றினால் குளிர்காற்றுக்கு வழி தயார். சூடு தெருவுக்கு மேலே போய்விடும். துடைக்க ஏணி போட்டால் தெரு மட்டும்தான் தெரியும். சாயங்கால வெயிலுக்கு ஒரு தகரக் கூரை போதும். ஆனால் இவ்வளவு அழகான முகப்பில் இந்த இரும்புப் பெட்டியா என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மரைக்காயர் முகம் மலர்ந்துவிட்டது. குளிர் மெஷின் வாங்கியது ஊருக்குத் தெரிய வேண்டாமா, அதை ஏன் மாடியில் ஒளித்துவைக்க வேண்டும் என்றுதான் முதல் நாளிலிருந்தே அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லையே.

அனுமதி கேட்டு மானேஜருக்குத் தந்தி அடித்தேன். மதியம் வரை பதில் இல்லை. காத்திருந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும், மீறினால் வேலை போய்விடும். ஆனாலும் ஆறு வீட்டுக் கதவையும் என்றைக்கும் சாத்திவைத்துவிட்டு நான் எந்த மூஞ்சியோடு ரயில் ஏறுவது? "தூக்குங்க" என்றேன். எட்டுப் பேர் தூக்கினார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மெஷின் உறுமியது. மெஷினிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் நின்ற சாமிநாதன் தலையில் விழ, அவசரமாக ஒரு குழாய் வைத்துச் சாக்கடைக்குத் திருப்பினேன்.

மூன்று மணிக்கு உள்ளே வந்தவர்கள் ஒருவரும் வெளியே போகவில்லை. நாலு மணிக்குத் தந்தி வந்தது. அதைப் பிரிக்க எனக்குத் தெம்பில்லை, மரைக்காயர் பிரித்தார். இடத்தை மாற்றச் சொன்னது தான்தான் என்று முந்தின நாளே அவரும் ஒரு தந்தி அடித்திருக்கிறார். "சம்மதம். வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வரவும்" என்று பதில். அங்கேயே துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா!

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை திரும்பாதீர்கள், திருநள்ளாறு கூட்டத்தில் வண்டி பிதுங்கும். நான் அன்றுதான் திரும்பினேன், நடுவில் இறங்கிக் கும்பிட்டும் வந்தேன். கடையில் மெஷினுக்கு இடம் பார்க்கிறவர்கள் வெயில், காற்று, எடை எல்லாம் பார்த்த பிறகு, அங்கே நின்றால் யார் வீடு தெரிகிறது என்றும் ஒரு தடவை பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் அடிக்கோலை மாடியிலேயே விட்டது ஞாபகம் வந்தது. படிக்கட்டின் அடியில் நின்று, தென்னை ஏறியவரைப் போலவே, "மாடிக்கு ஆளு வருது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு பெண்குரல், நிதானமாக வந்தது.

"இதத் திங்கக்கிழமையே சொல்லியிருந்தா மூணு நாள் துணி காஞ்சிருக்கும்ல தம்பி. சரி, ஏறிக்கங்க."