பதினேழாம் எண் கல்

அய்யாக்கண்ணு எனக்குத் தாய்மாமன். 1953இல் மலாய் நாட்டில் தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். பாலெடுக்கப் பட்டை கீறிப் பால்மரம் வெட்டினார், பின்னர் எதிரே கடலிலுள்ள தீவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலராக இருந்து ஓய்வுபெற்றார். இப்போது அத்தீவின் டத்தோ கிராமாட்டில் மகள் சாந்தினியின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

1981 மாசியில் மாமாவுக்கும் தனலெட்சுமி அத்தைக்கும் பிறந்த தலைப்பிள்ளை, பெண், பதினோராம் நாள் இறந்தது. பதினாறாம் நாளில்தான் பெயரிடுவது வழக்கமாதலால் அதற்குப் பெயரில்லை, பிறப்பும் பதியப்படவில்லை. பச்சிளங்குழந்தையை எரிப்பதில்லை. தோட்டத்து மேட்டில் மாமா புதைத்தார். காட்டுப்பன்றி கிளறாதிருக்க, அங்கே கிடந்த கற்பலகைகளில் ஒன்றைப் புரட்டிக் குழியை மூடினார்.

அப்பலகைகள் புதிய கற்காலத்துக் கல்லறையொன்றின் பகுதி என்பது மூன்றாண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. மேடு வேலியிடப்பட்டுப் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியத் தலமாயிற்று. கற்களுக்கு எண் எழுதினார்கள். மாமா போட்ட கல் பதினேழு.

சென்ற ஆண்டு இறந்த அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: தம் சாம்பலைக் கரைக்கும் கடலிலேயே அந்தப் பிள்ளையையும் கரைக்க வேண்டும். குழியைத் தோண்டியெடுக்க அனுமதி கேட்டு மாமா அரசுக்கு விண்ணப்பித்தார். படிவம் இறந்தவரின் பெயரைக் கேட்டது. அப்பிள்ளைக்கென்று எண்ணி வைத்திருந்த பெயரை எழுதினார்: சாந்தினி. இரண்டாண்டு கழித்துப் பிறந்தவளுக்கு அதே பெயரை வைத்திருந்தது அவருக்கு இடையூறாகத் தோன்றவில்லை.

குறிப்பிட்ட நபர் உயிருடன் உள்ளார் என்று பதில் வந்தது.

“என்னையே பொதைச்சிட்டீங்களாப்பா?” என்றாள் சாந்தினி.

“அது அவ பேரும்மா. உனக்கு அப்புறந்தான் வந்துச்சு.”

“கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது லா.”

சான்றிதழ் எதுவும் இல்லாததால் இரண்டாம் விண்ணப்பமும் நின்றுபோனது. எங்கள் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினேன். ‘மூத்த மகள், சாந்தினி, 1983’ என்றே இருக்கிறது; முதல் பிள்ளைக்கு ஒரு வரியும் இல்லை. எழுதியவர் என் தந்தை.

கல்லறையில் மீண்டும் பொருத்துவதற்காகப் பதினேழாம் கல்லைத் தூக்கும் நாளன்று, அகழாய்வை நடத்திய நூருல் என்னும் பெண், மாமா வேலியோரம் நிற்க இரக்கப்பட்டு இடமளித்தார். எலும்பை வாங்கிப்போக, மஞ்சள் துணி கட்டிய கலயத்தோடு மாமா காலையிலிருந்து நின்றார். பிற்பகலில் நூருல் அவரிடம் வந்தார். கல்லுக்கடியில் எதுவுமில்லை, இந்தச் செம்மண் நாற்பது ஆண்டில் சின்ன எலும்பைத் தின்றுவிடும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அவரை ‘பாக்சிக்’, மாமா, என்றே அழைத்தார்.

“அப்ப மண்ணையே குடும்மா. ஒரு பிடி போதும்.”

“மண்ணும் இந்தத் தலத்தோடதுதான், பாக்சிக். சலிச்சு, பையில போட்டு, எண் எழுதணும். என்னால குடுக்க முடியாது.”

அவர் சொன்னது சட்டம்தான். மாமா கலயத்தை வெறுமையாகவே திரும்பக் கொண்டுபோனார்.

பதினேழாம் கல் அண்மைக் காலத்தில் நகர்த்தப்பட்டது, நகர்த்தியவர் அறியப்படவில்லை என்று அறிக்கை கூறுகிறது. அதைக் கல்லறையில் பழைய இடத்திலேயே பொருத்தி, குழியைத் தூர்த்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து மாமா ஒருமுறை பேருந்தேறிப் போனார். மேடு முழுக்கப் புல். வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது, எந்த இடம் என்று அவருக்கே பிடிபடவில்லை.