தேதி போடாத ராஜினாமா

ராஜினாமா கடிதம் நான்கு நாட்களாக என் சட்டைப்பையில் கிடந்தது. தேதி மட்டும் போடவில்லை. எவரையும் நம்பாதவன் என்று வீட்டில் என்னைத் திட்டுவார்கள். அந்த நம்பாத குணம்தான் அன்று என் சோற்றைக் காப்பாற்றியது.

காரைக்காலில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் பதினாறு வருடம் கில்ன் இன்சார்ஜாக இருந்தேன். டைல் வேகும் சூளையைத்தான் கில்ன் என்போம். ஒருநாள் சென்னையிலிருந்து, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சிக்காரர் போன் செய்தார். "ஆந்திரா பக்கம் புது பிளான்ட் சார். சம்பளம் ஒன்றரை மடங்கு." பேச்சில் தேன் ஒழுகியது. "டெய்லி என்ன பண்றீங்க, பிரச்சினை வந்தா எப்படி சமாளிப்பீங்க, டீட்டெய்லா சொல்லுங்க சார்" என்றார்.

எங்கள் குடும்பத்து ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள். அந்த வேலைகளுக்கு ஆள் எடுக்க வருகிறவர் வேலையைச் செய்துகாட்டச் சொல்லி ட்ரேடு டெஸ்ட் வைப்பார். அதில் நுணுக்கம் தெரிந்தவனுக்கே நல்ல சம்பளம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழை நாளில் மூன்றாவது பர்னர் அடம்பிடிக்கும், புகைபோக்கியில் இருக்கும் டேம்பர் தகட்டைக் கால்வாசி மூடிப் பத்து நிமிடம் விட்டால்தான் வழிக்கு வரும் என்பதுவரை சொன்னேன். அது எந்த மேனுவலிலும் இல்லை. நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

மூன்றாவது வாரம் அவர் அவசரப்படுத்தினார்.

"மொதல்ல ரிசைன் பண்ணிட்டு காப்பி அனுப்புங்க சார். ஆஃபர் லெட்டர் மறுநாளே வந்துடும்."

"மறுநாள் வர்றது இன்னைக்கே வரக்கூடாதா?"

"அது ப்ராசஸ் சார்."

எனக்கு உறுத்தியது. ஆனால் ஆசை யாரை விட்டது? கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் குரும்பகரம் செல்வம் கூப்பிட்டான். என்னிடம் வேலை பழகி, இப்போது வேறு ஊரில் கில்ன் பார்ப்பவன்.

"பாய், காரைக்கால்ல இன்சார்ஜ் வேலை இருக்காம். ஒரு கன்சல்டன்சிக்காரன் கேக்குறான். மழைல மூணாவது பர்னர் மக்கர் பண்ணுனா டேம்பரை எவ்வளவு மூடுவீங்கன்னு கேள்வி வேற. உங்க கம்பெனி மாதிரியே இருக்கே?"

அந்தக் கேள்வி என் வாயிலிருந்து போன வார்த்தை.

மறுநாள் காலை நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், என் எடத்துக்கு ஆள் தேடுறீங்களா?"

"நீங்க போகப்போறீங்கன்னு அந்தக் கன்சல்டன்சி ஆளுதானே பாய் சொன்னாரு? மாத்து ஆளும் அவரே தர்றேன்னாரு."

என்னைக் கிளப்புவதில் ஒரு கமிஷன், என் நாற்காலியில் இன்னொருவனை உட்காரவைப்பதில் ஒரு கமிஷன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"நீங்க சொல்லியிருக்கலாமே பாய்?"

சொல்லிவிட்டு டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். என்னை வேலையிலிருந்து விடுவிப்பதாக டைப் செய்த ரிலீவிங் லெட்டர். தேதி இல்லை. நானும் பையிலிருந்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"சரி விடுங்க. போய் கில்னைப் பாருங்க" என்றார். நான் என்னுடையதைக் கிழித்தேன். அவர் தன்னுடையதை மறுபடி டிராயரில் வைத்தார்.

வேலை மாறப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என்ன வேலை செய்தேன் என்று சொல்லுங்கள். எப்படிச் செய்தேன் என்பதை வேலையில் சேர்ந்த பிறகு காட்டுங்கள். கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர் வராமல் ராஜினாமாவை எழுதவே எழுதாதீர்கள்.

ஒன்பது மாதம் கழித்து, அப்படியொரு லெட்டர் கைக்கு வந்த பிறகே நான் விலகினேன். கடைசி நாள் மேனேஜர் டிராயரைத் திறந்து அதே பழைய தாளை எடுத்தார். பேனாவால் தேதியை மட்டும் போட்டு என்னிடம் நீட்டினார்.