ஆளுக்கொரு வாய் டாப்-அப்

இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வருகிறேன். கூடத்தில் என் அத்தை – அப்பாவின் அக்கா, திருச்செங்கோட்டிலிருந்து குழந்தை பார்க்க வந்தவர் – என் பதினோரு நாள் மகளை மடியில் போட்டுக்கொண்டு வாயில் பாட்டிலை வைத்திருக்கிறார்.

“அத்தையாட்டத் தைரியமா வரோணுஞ் சாமி... ஒரே ஒரு வாய்...”

ஒரு வாயா? பாட்டிலில் பாதியைக் காணோம்!

“அத்தை! நான் இன்னும் பாலே குடுக்கலைங்களே!”

“நீ வாரதுக்குள்ள பசிச்சுப்போச்சு கண்ணு. புள்ளைய அழுவ உடறதா?”

குழந்தை அழவே இல்லை. நான் காதைக் கதவில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். எனக்குத் தெரியாதா?

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணாதவர்களுக்கு – குமாரபாளையத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். முப்பத்தாறு வயதில் முதல் குழந்தை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் அவளை என் மார்பில் போட்டுப் பால் குடிக்கவைத்தார். சில சொட்டு சீம்பால்தான். அவள் நாக்கு கண்ட முதல் ருசி அது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் எடை பார்த்தபோது டாக்டரின் முகம் சுருங்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. கொஞ்ச நாளைக்குப் பவுடர் பால் டாப்-அப் கொடுக்கலாம் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் டிஷ்யூவை நீட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“முதல்ல நீங்க. ரெண்டு பக்கமும். அதுக்கப்புறம்தான் பாட்டில், முப்பது எம்.எல். டாப்-அப்னா மேல ஊத்துறதும்மா. அடியில ஊத்துறது இல்ல. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் உங்களுக்கு ஊறும்.”

புரிந்தது. எனக்குப் புரிந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே கதை. நான் மடியில் எடுப்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அல்லது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். பம்ப் வைத்துப் பார்த்தால் பாட்டிலின் அடிப்பக்கம் லேசாக நனையும், அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள் – “பால் பத்துதா?”

நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஓர் ஆள் இல்லை!

திங்கட்கிழமை கணவரிடம் சொல்லிவிட்டேன். “எனக்குப் பால் இல்லைங்க. நாளையிலிருந்து முழுசா பாட்டிலுக்கே போயிடலாம்.” பாட்டிலில் வளரும் குழந்தைகள் நன்றாகத்தான் வளர்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குக் கொடுக்க ஆசையாக இருந்தது.

மறுநாள்தான் அத்தை கையும் பாட்டிலுமாகப் பிடிபட்டார்.

விசாரணையை ஆரம்பித்தேன். உங்களுக்குத் தெரியாததா... பிறந்த குழந்தையின் நாக்கில் யார் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். சேனை வைப்பது. அதெல்லாம் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன்.

அம்மா வாயைத் திறந்தார். “சக்கரத் தண்ணிதானே வேண்டாம்னாங்க? இது அவுங்களே எழுதிக் குடுத்த பாலுதானே கண்ணு?”

எந்த வக்கீலுக்கு இது தோன்றும்? சேனையை அப்படியே பாட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள்!

கைப்பக்குவம் வரட்டும் என்று அம்மா ஒரு வாய். பக்கத்து வீட்டு டீச்சர், படிப்பு வரட்டும் என்று ஒரு வாய். பவானியிலிருந்து வந்த சித்தி, குரல் வரட்டும் என்று ஒரு வாய். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாம் நான் குளிக்கப் போகும்போது, துணி மாற்றும்போது, கண்ணயரும்போது. ஆளுக்கொரு வாய் என்றால், என்னிடம் வரும்போது குழந்தைக்கு ஏது பசி?

கணவரைப் பார்த்தேன். மனிதர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களுமா?”

“ஒரே ஒரு தடவதான். என் பொறுமை வரட்டும்னு... உன் கோவம் வந்துறக் கூடாதில்ல...”

வந்ததே கோபம்! தொட்டில், பாட்டில், பவுடர் டப்பா, புருஷன் என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் “என்னை ஒரு வாரமா மலடி மாதிரி உட்கார வெச்சுட்டீங்களே” என்று அழுதேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ, தெரியவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓட்டும் என் அப்பாதான் பேசினார். அம்மாவைப் பார்த்துக் கேட்டார். “ஆர்டரை வேற தறிக்குக் குடுத்துப்போட்டு, நம்ம தறியில துணி உழுகலைன்னா எப்புடிப் புள்ளே?”

டாக்டர் சொல்லி ஏறாதது அம்மாவுக்கு அப்போது ஏறியது. அத்தைக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. “ஆசையாத்தானே குடுத்தேன்...”

எனக்கும் சங்கடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். “அத்தை, உங்க தைரியம் அவளுக்கு வரோணும்னா எனக்கு ஊட்டுங்க. என்கிட்ட இருந்துதானே அவளுக்குப் போகுது.”

அத்தை பாட்டிலை என்னிடம் நீட்டினார். “அதுவுஞ் செரித்தான்.”

அன்றிலிருந்து பிடித்தது இன்னொரு சனி. அம்மா கையால் பூண்டுக் குழம்புச் சோறு. டீச்சர் கையால் முருங்கைக்கீரை. சித்தி பவானியிலிருந்து பஸ் ஏறி சுறாப் புட்டு கொண்டுவருகிறார். கணவர் இட்லியைப் பிட்டு நீட்டி, “பொறுமை...” என்கிறார். வாயை மூட நேரமில்லை!

ஆனால் மகள் லேசில் இறங்கி வரவில்லை. பாட்டிலில் சும்மா கொட்டுகிற பாலுக்குப் பழகிவிட்டவள், உழைத்துக் குடி என்றால் சும்மா இருப்பாளா? இரண்டு நாள் கத்தினாள். நானும் கூடவே அழுதேன். பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி மெதுவாகக் கொடுங்கள் என்று நர்ஸ் போனில் சொல்லிக்கொடுத்தார். அதையும் எனக்கு அப்புறம்தான், எனக்கு அப்புறம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் நின்றன. அந்த அமைதியில் என் மடியிலிருந்து ஒரு சத்தம். க்ளக்... க்ளக்... மகள் விழுங்கிக்கொண்டிருந்தாள். அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேற்று எடை பார்த்தோம். ஏறியிருக்கிறது. டாப்-அப் இனி நாளுக்கு இரண்டு வேளை போதுமாம். (என் எடையும் ஏறியிருக்கிறது. அதை யாரும் கேட்க வேண்டாம்.)

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் உதவ வருகிற கைகள் எல்லாம் நேராகக் குழந்தையிடமே போகின்றன. வழியில் ஒரு தாய் உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நேற்று சாயங்காலமே, எடை ஏறிய செய்தி கேட்டு அத்தை வந்திறங்கினார். மகள் என்னிடம் குடித்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும் என்று கணவர் அவளைப் பாதியில் தூக்கினார். அவ்வளவுதான்! முகம் சிவந்து, முஷ்டியை முறுக்கி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல்.

“ஆத்தாடி! என்ன கோவம்! இது யாரு வெச்ச சேனை?” என்றார் அத்தை.

கூடத்தில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். முதல் சொட்டு யாருடையது என்று சொன்னேன் அல்லவா... ஒப்புக்கொள்கிறேன்!